கண்டக்டர் மாணிக்கத்தின் பதினாறாம் நாள்

ரேடியோப் பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடிக் குமிழ்கள் சூடேறும்போது அவற்றின் மேல் படிந்த தூசி கருகி மெல்லிய வாசனை ஒன்று கிளம்பும். சத்தத்துக்கு முன் அந்த வாசனைதான் வரும். பகலில் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் விட்டுச் செல்லும் ‘ஆயாக்கொட்டகை’யில், புதன்கிழமை மாலைகளில் சிமென்டுத் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, அந்த வாசனைக்காகத் தோட்டமே மூக்கை உயர்த்திக்கொண்டு காத்திருந்த ஒரு காலம் இருந்தது.

பின்னாளில் ஆசிரியையாகி அதை ‘அவசரகாலம்’ என்று பாடம் நடத்தினேன். பெரியவர்கள் அப்போது சொன்ன பெயர் ‘கம்பிவேலிக் காலம்’. பாடாங் மேஹாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளர் குடியிருப்புகளைப் பிரித்து ஓரிடத்தில் நெருக்கமாகக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி இழுத்திருந்தார்கள். விடியற்காலையில் பால்வெட்டப் போகிறவர்களைக் கதவருகே நிறுத்தி, ஒரு கவளம் சோறாவது மடியில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அது போய்ச் சேர்ந்துவிடக் கூடாதாம். அரிசி வாரத்துக்கு இவ்வளவு என்று தலைக்கு அளந்து கொடுத்தார்கள். அளவுக்கு மேல் அரிசி எந்த வீட்டில் இருந்தாலும் அந்த வீட்டுக்காரன் காட்டுக்காரனுக்கு வேண்டியவன். மாலை ஏழு மணிக்கு மணி அடித்துவிட்டால் அவரவர் கதவுக்கு வெளியே தலை தெரியக் கூடாது.

அரசாங்கம் அந்த ரேடியோவைத் தோட்டத்துக்குக் கொடுத்தது, காட்டில் இருப்பவர்கள் சரணடைய வேண்டும் என்ற அறிவிப்புகளை நாங்கள் கேட்பதற்காக. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பால்வெட்டுக்காரரான என் அப்பாவிடம் இருந்தது. லாரி பேட்டரியில் ஓடும் பெட்டி அது. பேட்டரித் தண்ணீர் தெறித்து அவருடைய எல்லாச் சட்டைகளிலும் சல்லடைபோல் ஓட்டைகள் இருக்கும். “ரேடியோக்காரர் பொண்டாட்டின்னு பேருதான், ஊசியும் நூலுமா உக்காந்திருக்கேன்” என்று அம்மா முனகுவாள்.

அறிவிப்புகள் வரும்போது பெண்கள் பேன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆறரை மணிக்கு நாடகம் தொடங்கினால்தான் கை நிற்கும். ஒவ்வொரு வாரமும் ஒரு பஸ்ஸுக்குள் நடக்கும் கதை. அதன் நாயகன் கண்டக்டர் மாணிக்கம். கொஞ்சம் கரகரத்த, சிரிப்பை அடக்கிக்கொண்டே பேசும் குரல். “பாட்டிக்கு அரை டிக்கெட், பாட்டி வாய்க்கு முழு டிக்கெட்” என்பார்; சண்டை போட்டுக்கொண்டு ஏறும் புருஷன் பெண்டாட்டியை ஒரே இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, “ஆத்துல பாலம் ஒடஞ்சிருச்சி, பஸ் இப்பப் போவாது, நீங்க பேசுங்க” என்பார். கூலிம், சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த் என்று அவர் நிறுத்தங்களைக் கூவும்போது, ஒரு கல் தொலைவு போவதற்கும் சீட்டு எழுதி வாங்கவேண்டிய அந்த மனிதர்கள், அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவர்கள்போலத் தலையாட்டுவார்கள். எங்கள் லயத்தில் முதல் வீட்டுக்காரி ராக்கம்மா அக்கா, தன் மகனுக்குப் பெண் பார்க்கும் விஷயத்தைக்கூட, “மாணிக்கம் அண்ணன் இருந்தா என்ன சொல்லுவாரு” என்று யோசித்துத்தான் முடிவெடுத்தாள்.

அந்த நடிகரின் சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாடகம் முடிந்து நடித்தவர்களின் பெயர்களை வாசிக்கும் நேரமும் ஊரடங்கு மணி அடிக்கும் நேரமும் ஒன்று. மணிச் சத்தம் கேட்டதும் அப்பா ரேடியோவை அணைத்துவிட்டுக் கொட்டகையைப் பூட்டுவார். மற்றவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். அவர் எங்களுக்கு மாணிக்கம்தான். வேறு பெயர் இருக்கும் என்ற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை, கூலிமிலிருந்து சைக்கிளில் வரும் ரொட்டி பாய், கதவில் சோதனை முடிந்து உள்ளே வந்ததும் மணியை அடிக்காமல் சைக்கிளைச் சாய்த்து வைத்தார்.

“கேட்டீகளா சேதி? நம்ம கண்டக்டர் மவுத்தாயிட்டாரு. சனிக்கிழம, பினாங்குல. டீ குடிச்சிக்கிட்டே இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம். பேப்பர்ல போட்டிருக்குன்னு கடையில பேசிக்கிட்டாக.”

“ஒங்க வாயக் கழுவுங்க பாய்” என்றாள் ராக்கம்மா அக்கா. “ரொட்டி விக்க வந்தீங்களா, எழவு சொல்ல வந்தீங்களா?” சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மற்ற பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். உறவில் சாவு விழுந்தால் கட்டிக்கொண்டு அழுவதுபோலவே அழுதார்கள். அம்மா மட்டும், “காணாத ஆளுக்கு எத்தன கண்ணீரு” என்றபடி உள்ளே போனாள். போனவள் அன்று உலை வைக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை எல்லோரும் கொட்டகைக்கு வந்தார்கள். ரேடியோ துக்கம் சொல்லும் என்று எதிர்பார்த்தோம். வாசனை வந்தது, இசை வந்தது, பிறகு வேறு ஒரு குரல், “நான்தான் கண்டக்டர் மாணிக்கம்” என்பதுபோல டிக்கெட் கிழிக்கத் தொடங்கியது. யாரோ, “அடப் பாவிகளா” என்றார். அப்பா எழுந்து பாதியில் அணைத்துவிட்டார். கடைசியில், பெயர் வாசிக்கும் இடத்தில், வானொலி இரங்கல் சொல்லியிருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை.

“செத்த மனுசன செத்துட்டாருன்னு சொல்லக்கூட நாதியில்ல” என்றார் அப்பா. “கேட்டவங்க நாமதானே. நாமதான் காரியம் செய்யணும்.”

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு பதினாறாம் நாள். ரேடியோவின் முன் படையல் போட்டு, எல்லோரும் ஒரு வாய் சாப்பிடுவது என்று முடிவாயிற்று. அதற்கு அரிசி? தினமும் உலை வைக்கும்போது வீட்டுக்கு ஒரு பிடி எடுத்து வைப்பது என்று ராக்கம்மா அக்காதான் வழி சொன்னாள். மாலையில் ஒரு ‘மங்கு’, அதாவது இனாமல் கிண்ணம், எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அந்தப் பிடி அரிசியை வாங்கி வரும் வேலை, ஒன்பது வயதுப் பெண்ணான எனக்குக் கிடைத்தது. நாற்பது வீடுகள். எனக்குப் பெருமையாக இருந்தது. சில வீடுகளில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, பிடி சிறுத்துப்போகும். ராக்கம்மா அக்கா மட்டும் இரண்டு பிடி போடுவாள். வாங்கி வந்ததை அப்பா ஆயாக்கொட்டகையில், ரேடியோப் பலகைக்குக் கீழே, மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதில் கொட்டி, எலிக்குப் பயந்து மூடிமேல் ஒரு கல்லை வைத்தார். அந்தக் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு எட்டில் கம்பிவேலி. நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. அரிசியை மறைத்து வைப்பதாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. சாமிக்கு முடிந்து வைப்பதுபோலத்தான் வைத்தோம்.

அடுத்த வியாழக்கிழமை காலை லாரி ஒன்று வந்தது. ‘மாத்தா’ என்று நாங்கள் சொல்லும் போலீஸ்காரர்கள், ஒரு வெள்ளைக்கார அதிகாரி, டவுனிலிருந்து வந்த ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். அன்று யாரையும் மரத்துக்கு விடவில்லை. காலையில் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் ‘பெரட்டு’க் களத்தில் எல்லாக் குடும்பங்களையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். சோதனை போட்ட அரைமணி நேரத்தில் அந்தத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்துவிட்டார்கள். கொட்டகைச் சாவி அப்பாவிடம் இருந்ததால் அவரை முன்னால் கூப்பிட்டார்கள்.

“செத்தவருக்குக் காரியம் செய்யச் சேர்த்த அரிசிங்க” என்றார் அப்பா.

“யாரு செத்தது?” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“கண்டக்டர் மாணிக்கம்.”

“எந்த பஸ் கம்பெனி?”

வரிசையில் யாருக்கோ சிரிப்பு வந்து இருமலாக மாறியது.

“பஸ்ஸுல இல்லிங்க. ரேடியோவுல.”

மொழிபெயர்ப்பாளர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன்யா, நேத்து சாயங்காலம் என் சம்சாரம் கேட்டுச்சு. நானும் கேட்டேன். மாணிக்கம் நல்லாத்தான் இருக்காரு.”

“அது வேற ஆளுங்க.”

“சரி, செத்தவர் பேரு என்ன? சொந்தப் பேரு. சொல்லு, எழுதிக்கிறேன்.”

அப்பா வரிசையைத் திரும்பிப் பார்த்து, “இவங்களையே கேளுங்க, வீட்டுக்கு ஒரு பிடி எல்லாரும் குடுத்தாங்க” என்றார்.

முதல் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தார்கள். “எங்க புள்ளைங்களுக்கே பத்தல, செத்தவனுக்கு எங்கருந்து குடுக்க?” என்றாள் ராக்கம்மா அக்கா. அடுத்தவர், “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.” அதற்கடுத்தவர், “அவரு ரேடியோக்காரரு, நாங்க அந்தப் பக்கமே போறதில்ல.” நாற்பது வீடும் அப்படித்தான். அந்த நாற்பது கைகளையும் நான் அறிவேன். எந்தக் கை எவ்வளவு பிடித்தது என்றுகூட அறிவேன்.

கடைசியில் அப்பா சொன்னார்: “எம் பொண்ணுதான் வீடு வீடா போயி வாங்கிட்டு வந்துச்சு. அது பொய் சொல்லாது. அதக் கேளுங்க.”

அதற்குச் சற்று முன்புதான் ராக்கம்மா அக்கா வரிசைக்குள்ளேயே என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி, “பேரு கீரு சொல்லிடாத கண்ணு, எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போயிடுவானுங்க” என்று சொல்லியிருந்தாள். அம்மா அதைக் கேட்டும் தரையைப் பார்த்தபடி நின்றாள். மொழிபெயர்ப்பாளர் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். “பாப்பா, நீ அரிசி வாங்கினியா? யாரு யாரு வீட்டுல? பயப்படாதலா, சொல்லு.”

“எனக்குத் தெரியாது” என்றேன்.

ரேடியோவில் குரல் மங்கி இரைச்சல் வரும்போது அப்பா தலையைச் சாய்த்து, காதைப் பெட்டிக்கருகில் வைத்து, போன குரல் திரும்பி வருமென்று காத்திருப்பார். அன்றும் அப்படித்தான் என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார். நான் வேறு எதுவும் சொல்லவில்லை. அதிகாரி நோட்டில் எழுதி முடித்தார். “சின்னப் பிள்ளைங்க அது, விட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு அப்பா தானாகவே லாரியில் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் எதுவும் செய்யவில்லை.

அப்பாவை ஓர் ஆண்டுக்கு மேல் தடுப்பு முகாமில் வைத்திருந்து, பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வயதில் விட்டுவந்த ஊர் அது. அங்கே அவருக்கு யாரும் இல்லை. இரண்டு கடிதங்கள் வந்தன. எதிலும் அந்தக் காலையைப் பற்றி ஒரு வரி கிடையாது. இரண்டாவது கடிதத்தின் முடிவில், “இப்போது ரேடியோவுக்கு யார் பேட்டரி மாற்றுகிறார்கள்?” என்று கேட்டிருந்தார். அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

தோட்டத்தார் எங்களிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள். தீபாவளிக்கு எங்கள் வீட்டில்தான் அதிகப் பலகாரம் இருக்கும். ராக்கம்மா அக்கா தட்டு நிறைய முறுக்கு கொண்டுவருவாள், நான் தின்றேன். வேறொருவர் ரேடியோப் பொறுப்பையும் கொட்டகைச் சாவியையும் வாங்கிக்கொண்டார். நான்கு மாதத்துக்குள் புதிய மாணிக்கம் பழகிப்போய்விட்டார். எங்கள் வீட்டுச் சுவர் வழியாக ரேடியோக் குரலும் கொட்டகைச் சிரிப்பும் வரும். ஒரு புதன்கிழமை, அடுப்பங்கரையில் இருந்த அம்மாவும் ஏதோ ஒரு பேச்சுக்குச் சிரித்துவிட்டாள். அன்று நான் அவளோடு பேசவில்லை.

வளர்ந்த பிறகு ஒரு விஷயம் விளங்கியது. அன்று வந்தது ஒரே ஒரு லாரி. நான் நாற்பது பெயர்களையும் சொல்லியிருந்தால் நாற்பது குடும்பங்களையும் அதில் ஏற்ற முடியாது. ஏற்றியிருந்தாலும், மறுநாள் பால்வெட்ட ஆளின்றித் தோட்டத்து மேலாளரான துரை சும்மா இருந்திருக்க மாட்டார். எல்லோருடைய பெயரும் வெளியே வந்திருந்தால்தான் ஒருவேளை எல்லோரும் தப்பியிருப்போம். ஒன்பது வயதில் இது தெரிய நியாயமில்லை. வரிசையில் நின்ற பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

இதை இத்தனை ஆண்டு கழித்து எழுத நேர்ந்ததற்குக் காரணம் என் மகள் மலர். வாராவாரம் தொலைக்காட்சி நாடகத்தில் வந்துகொண்டிருந்த ஒரு நடிகர், நாற்பது வயதுகூடத் தாண்டாதவர், சென்ற மாதம் படப்பிடிப்புக்குக் கிளம்பும்போது மயங்கி விழுந்து இறந்துபோனார். நாங்கள் இப்போது குடியிருக்கும் பாக்கார் ஆராங்கில், எங்கள் வரிசை வீடுகளிலிருந்து மலரும் அவள் தோழிகளும் சேர்ந்து, அவர் படத்துக்கு விளக்கேற்றி, குடும்பத்துக்கு அனுப்புவதற்காக ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீடு வீடாகப் பெயரும் முகவரியும் கையெழுத்தும் வாங்கிவந்தார்கள். முதல் பக்கத்தில் முதல் பெயர் மலருடையது. நான் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். ஏன் கிழித்தேன் என்பது கிழித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

“பேருதானம்மா எழுதினேன், என்னம்மா ஆயிடும்?” என்று அவள் அழுதாள். அவள் அழுவதைப் பார்க்க முடியாமல் இத்தனையையும் சொன்னேன். கேட்டு முடித்தவள், “சரி, அந்த ரேடியோ நடிகரோட சொந்தப் பேரு என்னம்மா?” என்றாள்.

“தெரியாது.”

“நீங்க டீச்சராச்சே. தேடவே இல்லையா?”

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய், கூலிம் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்கள் அந்த வழியாக ஓடுகின்றன. அந்த நாற்பது வீட்டுப் பெரியவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. ஆனால் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் நான் பினாங்கில்தான் இருந்தேன். பழைய தமிழ்ப் பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாக வைத்திருந்த ஒரு படிப்பகம் விடுதியிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. அந்த வாரத்துப் பத்திரிகையைப் புரட்டியிருந்தால் பெயர் கிடைத்திருக்கும். கிடைத்திருந்தால் அப்பா சொன்னது உண்மை என்று ஒரு தாள் சாட்சி சொல்லியிருக்கும். நான் சொன்னது என்ன என்பதையும் அதே தாள் சொல்லியிருக்கும். இரண்டு ஆண்டுகள் அந்த வாசலைக் கடந்து போனேன், படியேறவில்லை.

போன வாரம் மலர் தானாகவே பினாங்குக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தாள். அந்தப் படிப்பகத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடமாக்கிவிட்டார்களாம். பத்திரிகைக் கட்டுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லையாம். அவள் முகம் வாடியிருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்டது நிம்மதி என்பதையும் நான் எழுதித்தான் ஆகவேண்டும்.