லாசராக நின்ற ஆசீர்

பிரேமலதா வரைந்த முகங்களில் பெரும்பாலானவை மாலை போட்டு மாட்டப்பட்டவை. எடமலைப்பட்டி புதூரில் போட்டோவைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் ஆள் படம் வரைகிறார். துக்கம் நடந்த வீட்டிலிருந்துதான் அதிகம் தேடி வருவார்கள். "அந்தம்மா நம்மள உத்துப் பார்த்தாலே பயமா இருக்குடா" என்று தெருவில் கேலி உண்டு.

தென்னூர்ப் பக்கத் தேவாலயம் ஒன்று, இறந்துபோன லாசரை இயேசு கல்லறையிலிருந்து எழுப்பும் காட்சியை நேரில் பார்ப்பதுபோல் வரைந்து தரக் கேட்டது. லாசராக முன்னால் நிற்க ஒல்லியான ஆள் வேண்டும். கோயிலுக்கு மைக் செட் போடும் ஆசீர், வெள்ளை வேட்டியை உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு சிரித்தபடி வந்து நின்றார். இறந்தவரை எப்படிக் கட்டுவார்கள் என்பதில் பிரேமலதாவுக்குத் தெரிந்தது நம் ஊர் வழக்கம்தான். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டியதுபோல் படத்தில் வரைந்துவிட்டார்.

வண்ணம் காய்வதற்குள் ஆசீருக்கு நெஞ்சுவலி. மறுநாள் அறுவை சிகிச்சை என்றார்கள். அன்று மாலையே அவர் மனைவி அக்னஸ் படம் இருந்த பிரேமலதா வீட்டுக்கு வந்துவிட்டார்.

"உசுரோட இருக்கிற மனுசனுக்குக் காலைக் கட்டிட்டீங்களே, நியாயமாங்க?"

"அக்கா, லாசர் எந்திரிச்சுதானே வர்றாரு..."

"கட்டோட எப்படி வருவாரு? 'அவுத்து விடுங்க'ன்னு ஆண்டவரே சொன்னாரு. பைபிள்ல இருக்கு."

பிரேமலதாவுக்கும் உள்ளூரப் பயம்தான். அவர் வரைந்து கொடுத்தவர்களில் பிறகு எழுந்து நடமாடியவர்கள் குறைவு. ஈரம் காயாத கால்கட்டை, வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்தார். கிழிசலைத் தரையில் அவிழ்ந்து கிடக்கவிட்டு, பாதங்களைப் பிரித்து வரைந்தார். அக்னஸ் நகரவே இல்லை.

"வலது காலை இன்னும் கொஞ்சம் முன்னால வைங்க. நடக்கிற மாதிரி."

வைத்தார்.

மறுநாள் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். பெஞ்சில் அக்னஸ் நகர்ந்து இடம் கொடுத்தார். மதியத்துக்கு மேல் நர்ஸ் வந்து, "நல்லபடியா முடிஞ்சிருச்சு, கண்ணு முழிச்சிட்டாரு" என்றதும், அக்னஸ் பிரேமலதாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

வார்டுக்கு மாற்றிய பிறகு இருவரும் சேர்ந்தே பார்க்கப் போனார்கள். ஆசீருக்குக் குரல் மெல்லத்தான் எழும்பியது.

"அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன்... என் மூக்கைப் பெருசா போட்டுட்டீங்க."

"வாயை மூடிட்டுப் படுங்க" என்றார் அக்னஸ்.

வரையப்பட்ட ஆளே குறை சொல்லிக் கேட்பது பிரேமலதாவுக்கு இதுதான் முதல்முறை.

"குறைச்சிடுறேங்க" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை.