‘வாங்குங்க’ என்று சொல்லாத கடை

கோமதி அக்கா போன வாரம் கடையைச் சாத்திவிட்டார்.

கடை என்றதும் ஷட்டர், பூட்டு, போர்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் குரூப், ஓர் இன்ஸ்டாகிராம் பக்கம், கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வீட்டின் பின்பக்கம் ஓர் அரவை மெஷின். அவ்வளவுதான் கடை. சரக்கு, கொள்ளு ரசப்பொடி. வெந்நீரில் போட்டு ஒரு கொதி விட்டால் ரசம். சும்மா சொல்லவில்லை... அப்படி ஒரு ருசி.

அந்தக் கடைக்கு விளம்பரம் எழுதிக் கொடுத்தவன் நான்.

கோயம்புத்தூரில் ஒற்றை அறையில் உட்கார்ந்துகொண்டு இந்த மாதிரி சின்ன ஆன்லைன் கடைகளுக்கு வாசகம் எழுதுவதுதான் என் பிழைப்பு என்பது, இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். அப்பா மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிறார். என் வேலை என்னவென்று அவருக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

“நீ எழுதிக் குடுத்தா வித்துப் போயிருமா கண்ணு?” என்று போனில் கேட்பார்.

“போயிரும்ப்பா” என்பேன். எவ்வளவு தைரியம் பாருங்கள்!

கோமதி அக்கா அதற்கு முன் பனியன் கம்பெனியில் இருந்தவர். விடியுமுன் கம்பெனி பஸ், இருட்டிய பிறகு வீடு. “அந்த பஸ்ஸுல மட்டும் இனி ஏறக் கூடாதுங்க தம்பி” – என்னிடம் முதன்முதலில் பேசியபோது சொன்னது இதைத்தான். பொடியைப் பற்றிக்கூட அப்புறம்தான் பேசினார்.

அவர் கணவர் பழனிசாமி அண்ணன் நல்ல மனிதர். ஆனால் கணக்கான மனிதர். “அந்தியூர் குதிரைச் சந்தை முடியற வரைக்கும் பாரு அம்மணி. ஓடுச்சுன்னா ஓடட்டும். இல்லீன்னா கம்பெனிக்கே போயிரு” என்று சொல்லிவிட்டார். சந்தை ஆடி மாதம். அக்கா மெஷின் வாங்கியது தை பிறந்தபோது.

போதுமே என்று நினைத்தேன். ருசி இருக்கிறது, ஆள் இருக்கிறது, நேரம் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

விளம்பரம் எழுதினேன். ‘வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ரசம் வைக்க நேரமில்லையா? ஒரு ஸ்பூன் பொடி, ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு கொதி. உங்கள் விலாசத்தை இன்றே அனுப்புங்கள்.’ யாருக்கு, என்ன, வாங்க என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றும் இருந்தால் விளம்பரம் நடக்கும். ஒன்று இல்லாவிட்டால் நொண்டும். இதைத்தானே இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

குரூப்பில் வந்ததைப் பார்த்தேன். கடைசி வரியைக் காணோம். அந்த இடத்தில் இப்படி இருந்தது: ‘நேரம் கெடச்சாப் பாருங்க. வாங்கலீன்னாலும் பரவால்லீங்க. எல்லாரும் நல்லா இருக்கோணும்.’

போன் போட்டேன்.

“ஏனுங்க தம்பி, அனுப்புங்கன்னு எப்படிங்க சொல்றது? அதிகாரம் பண்ற மாதிரி இருக்குது.”

“அதிகாரம் இல்லக்கா, வழி சொல்றோம்.”

“வேணுங்கறவங்க அவங்களே கேக்க மாட்டாங்களா? ஊட்டுக்கு வந்தவங்களைப் புடிச்சு, வாங்கிட்டுப் போங்கன்னா நல்லாவா இருக்குது?”

குரூப்பில் சேர்ந்தவர்கள் அக்காவுக்கு வாடிக்கையாளர்கள் இல்லை. விருந்தாளிகள். விருந்தாளியிடம் போய் வியாபாரம் பேசுவதாவது!

சரி, தனியாக விசாரிக்கிறவர்களிடமாவது பேசுகிறாரா? ஒரு நாள் பெருமையாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்.

“பொடி என்ன விலைங்க?”

“வணக்கமுங்க. சாப்பிட்டீங்களா?”

“ஆச்சுங்க. நீங்க?”

“இனிமேத்தானுங்க. எந்த ஊருங்க?”

“சத்தியமங்கலமுங்க.”

“அட, என்ற நாத்தனார் அங்கதானுங்க இருக்குது!”

அதன்பிறகு நாத்தனாரின் மூட்டுவலி, விலை கேட்ட அம்மாவின் மகன் கல்யாணம், இந்த வருடத்து மழை... கடைசியில் அந்த அம்மா “சரிங்க, சொல்றேனுங்க” என்று முடித்திருந்தார்.

விலை? கடைசிவரை அது வரவேயில்லை.

“பாத்தீங்களா தம்பி, எத்தன பிரியமாப் பேசறாங்க! சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. நாளைக்குக் கூடக் கொஞ்சம் அரைச்சு வெச்சுப்போடறேன்.”

எங்கள் பக்கத்தில் ‘சொல்றேனுங்க’ என்றால் பெரும்பாலும் திரும்பி வர மாட்டார்கள் என்று கடை வைத்த எவருக்கும் தெரியும். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லி நமக்கு எங்கே பழக்கம்? விற்கிறவருக்குக் கேட்கக் கூச்சம், வாங்குகிறவருக்கு மறுக்கக் கூச்சம். நடுவில் பொடி மட்டும் டப்பாவில் ஏறிக்கொண்டே போனது.

நானும் விடவில்லை. படத்தின் மேல் விலையைப் போட்டுக் கொடுத்தேன். “மூஞ்சில அடிச்சாப்புல இருக்குதுங்க” என்று எடுத்துவிட்டார். சரி, நம் ஊர்ப் பாஷையிலேயே பணிவாகக் கேட்போம் என்று, ‘பொடி வேணுங்களா? விலாசம் சொன்னீங்கன்னா அனுப்பி வெச்சர்றேனுங்க’ என்று எழுதினேன். இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. ஆனா... கேக்கற மாதிரியே இருக்குதுங்களே?”

அந்த வரியும் குரூப்புக்குப் போகவில்லை.

சந்தை வந்தது. முடிந்தது. பழனிசாமி அண்ணன் சத்தம் போடவில்லை. “கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாமா” என்று மட்டும் சொன்னாராம். அடுத்த நாள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போனார்.

அதற்கு மறுநாள் அக்கா குரூப்பில் எழுதினார். இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

‘இத்தோட நிறுத்திக்கறமுங்க. இத்தன நாளு கூட இருந்ததுக்கு ரொம்ப சந்தோசமுங்க. தப்பா ஏதாச்சும் பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க.’

அப்போது பார்க்க வேண்டுமே... “அய்யோ, ஏனுங்க?” “மனசே கேக்கலீங்க.” “அடுத்த மாசம் வாங்கலாம்னு இருந்தமுங்க.” “நானுந்தானுங்க, வாங்கலாம்னே இருந்தேன்.” அழுகிற பொம்மைகள் வரிசை வரிசையாக.

வாங்கலாம்னு இருந்தமுங்க! சின்னதாகக் கடை நடத்துகிறவர்கள் கேட்கக்கூடிய வாக்கியங்களில் இதைவிடக் கொடுமையானது உண்டா? ஹார்ட் வரும், ‘சூப்பருங்க’ வரும், பிரியமான பேச்சு வரும். அதில் எதுவும் ஆர்டர் இல்லை. கேட்டால்தான் ஆர்டர். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இதை நான் எத்தனை தரம் எழுதி என்ன? பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து கூடவே வளர்ந்த கூச்சத்தை என் மூன்று வரி போய் மாற்றிவிடுமா? அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இந்த வாரம் போனே செய்யவில்லை.

அக்காவிடம் பேசினேன். மிச்சப் பொடியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“வெச்சிருந்தா வண்டு வந்துருமுங்க. இத்தன நாளு பேசுனவங்களுக்கு ஆளுக்கொண்ணு அனுப்பிச்சுப்போடறேன்.”

“சும்மாவா?”

“பின்னே? ஆனா சும்மான்னு இப்பவே சொன்னா அவங்களுக்குச் சங்கடமாப் போயிருமுங்க. பார்சல் வந்தாத் தெரிஞ்சுக்கட்டும்.”

சாயங்காலம் குரூப்பில் ஒரே ஒரு வரி போட்டார். ‘எல்லாரும் உங்க விலாசத்த இன்னைக்கே அனுப்புங்க.’

நான் தை மாதம் எழுதிக் கொடுத்த அதே கடைசி வரி.

விலாசங்கள் கொட்டின. பின்கோடோடு, ‘கோயிலுக்கு எதிர்ச்சந்து’ என்ற அடையாளத்தோடு. “எனக்கு மூணா அனுப்புங்க.” “பணம் எப்படிங்க அனுப்போணும்?” சத்தியமங்கலத்து அம்மாவுக்கு ஐந்து வேண்டுமாம், மகன் வீட்டுக்கும் சேர்த்து. அதுவரை நாத்தனார் மூட்டுவலியை விசாரித்துக்கொண்டிருந்த அதே ஆட்கள்தான்.

அரைக்க மெஷின் இல்லை. கம்பெனியில் பேர் கொடுத்தாகிவிட்டது. இருந்த பொடியை ஆளுக்கு ஒன்றாக அனுப்பிவிட்டு, பணம் வேண்டாமுங்க என்று ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார்.

திங்கட்கிழமை விடியற்காலையில் எனக்கு ஒரு மெசேஜ் வந்தது, கம்பெனி பஸ்ஸிலிருந்து.

“ஜன்னலோரம் சீட்டு வேணும்னு கேட்டேனுங்க தம்பி. உடனே குடுத்துட்டாங்க.”