ஜெப லைன் அக்கா

காதில் ஹெட்போனை மாட்டுவதற்கு முன் அக்கா கம்மலைக் கழற்றிப் பர்ஸுக்குள் போடுவாள். மாட்டிய பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பாள். "கண்ணு தெரிஞ்சா மனசு அங்க இங்கன்னு மேயப் போயிடுது" என்பது அவள் கட்சி. அப்புறம் ஒரு வாய் வெந்நீர். பட்டனைத் தட்டினால், எங்கோ பனி கொட்டும் ஊரிலிருந்து ஒரு குரல் அழுதுகொண்டே வரும்.

கீழே டைல்ஸ் கடை, மேல்மாடியில் ஜெப ஊழியத்தின் அலுவலகம். பலகை வைத்துத் தடுத்த மேஜைகள், மேஜைக்கு ஒருவர். தமிழ் பேசுகிற விசுவாசிகள் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கூப்பிடலாம். எடுப்பவர் குறையைக் கேட்டு, ஜெபித்து, வைத்துவிட வேண்டும். சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, சொந்தக் கதை பேசவே கூடாது. மேற்பார்வை பார்க்கும் பிரதர் திடீர் திடீரென்று லைனுக்குள் புகுந்து கேட்பார்.

அக்கா முன்பு ஒரு மருத்துவமனையில் போன் எடுத்துக்கொண்டிருந்தவள். 'டாக்டர் இல்லை' என்று சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்துபோனவள். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு இங்கே வந்தாள். யாருக்கும் 'இல்லை' சொல்ல வேண்டாத வேலை கிடைத்ததில் அவளுக்கு அப்படியொரு நிம்மதி.

முக்கால்வாசிப் பேர் விசாவுக்குத்தான் கூப்பிடுவார்கள். "கர்த்தர் எம்பஸியிலேயே ஒரு மேஜை போட்டு உக்காந்துட்டா நமக்கு வேலை மிச்சம்" என்று பக்கத்து மேஜை டீச்சரிடம் கிசுகிசுப்பாள். கிண்டல் எல்லாம் லைனை வைத்த பிறகுதான். பாலைவனத்தில் லாரி ஓட்டுகிறவன் ஒருவன், பக்கத்தில் சபையே இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குள் தனியாகப் பாடுகிறானாம். அவனோடு சேர்ந்து இவளும் மெல்லிய குரலில் பாடுவாள். ஒரு நர்ஸ், "வார்டுல சிலுவை டாலரைக் கழட்டச் சொல்லிட்டாங்க சிஸ்டர், நானும் கழட்டிட்டேன். கர்த்தர் கோவிச்சுக்குவாரா?" என்று தேம்பினாள். அக்கா சொன்னாள்: "கழுத்துல கிடந்தா ஊருக்குத் தெரியும். நோயாளியை நீ எப்படித் தொடறேன்னு அவருக்குத் தெரியும். அழாம போய் வேலையப் பாரும்மா."

பிள்ளை சபைக்குப் போவதில்லை என்று அழும் தாய்மாருக்கு அவளிடம் ஒரே பதில்தான். "திட்டாதீங்கம்மா. புள்ள கூப்பிட்டா எடுத்துப் பேசுங்க, அது போதும்."

இவ்வளவு பக்குவமாகப் பேசுகிறவள், பெற்ற மகளின் போனை எடுத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. சொன்னால் யார் நம்புவார்கள்!

ஒரே மகள். கல்யாணம் முடிந்து கணவனோடு கடல் தாண்டிப் போனவள். ஒருநாள் போனில் சொன்னாள்: "அம்மா, நான் சபைக்குப் போறதை நிறுத்திட்டேன். எல்லாரும் கையத் தூக்கிப் பாடறாங்க, நான் நடுவுல மரம் மாதிரி நிக்கறேன். உள்ள ஒண்ணுமே இல்லம்மா. பொய்யா நிக்க முடியல."

"ஊரு உலகத்துக்கெல்லாம் ஜெபிக்கிறவ வயித்துல பொறந்துட்டு என் முகத்துல கரியப் பூசறியா? சபைக்குப் போயிட்டு அப்புறம் எனக்குக் கூப்பிடு."

அதன் பிறகு மகள் கூப்பிடும்போதெல்லாம் அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எடுக்க விரல் அசையாது. வீம்பு, வேறென்ன? பிரதரும் டீச்சரும் கேட்டால் என்ன சொல்வது என்ற வெட்கமும் அதில் பாதி இருந்தது.

அன்று காலையிலிருந்தே டீச்சர் அலுத்துக்கொண்டிருந்தாள். "யாரோ ஒரு பொண்ணு. ஸ்தோத்திரம்னு நான் வாயத் திறந்ததும் டக்குனு வெச்சிடுது. மத்தவங்க எடுத்தாலும் அதே கதைதான்."

அடுத்த அழைப்பு அக்காவுக்கு விழுந்தது.

"ஸ்தோத்திரம். சொல்லுங்க."

மறுமுனை வைக்கவில்லை. எச்சில் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சிஸ்டர்..." என்றது.

மகள்தான். பெற்றவளுக்குக் குரல் தெரியாதா? மகளுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. இந்தக் குரல் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பப் போன் போட்டிருக்கிறாள்.

"ஜெபக்குறிப்பு என்னம்மா?" எப்படியோ கேட்டுவிட்டாள்.

"குழந்தை தங்கல சிஸ்டர். அஞ்சாம் மாசம். நேத்துதான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தேன்."

மகள் உண்டாகியிருந்ததே அக்காவுக்குத் தெரியாது. எடுக்காமல் விட்ட ஏதோ ஒரு அழைப்பில் அந்த நல்ல சேதி இருந்திருக்கும். ஐயோ, அதைக்கூட அடிக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோமே!

"கூட யாரு இருக்காங்க?"

"அவரு வேலைக்குப் போயிட்டாரு. தனியாத்தான் இருக்கேன். எனக்கு விசுவாசமெல்லாம் இல்ல சிஸ்டர். ஆனா அந்தக் குழந்தைக்காக யாராவது ஒரு தடவை ஜெபிக்கணும் போல இருந்துச்சு. விசுவாசம் இல்லாதவங்களுக்குப் பண்ணுவீங்களா?"

பிரதர் ஹெட்போனோடு பின்னால் வந்து நின்றார். 'அம்மாதாண்டி பேசறேன்' என்பது தொண்டைவரை வந்தது. அவள் அதை விழுங்கியது பிரதருக்குப் பயந்து அல்ல. எந்த முகத்தோடு சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஜெபித்தாள். வழக்கமாக வேத வசனமாகக் கொட்டுகிற வாயில் அன்று அடுப்படிப் பேச்சுதான் வந்தது. "ஆண்டவரே, இந்தப் புள்ள தனியாக் கிடக்குது. சாப்பிட்டுச்சோ என்னவோ. அந்தக் குழந்தைய நீங்க வாங்கியிருக்கீங்க. தலை நிக்காத குழந்தை, பாத்துப் பிடிங்க. இவமேல உங்களுக்குக் கோவம் வேண்டாம். கோவப்பட்டவங்கள மன்னிச்சிடுங்க. கூப்பிட்டப்ப எடுக்காதவங்கள மன்னிச்சிடுங்க."

அந்தப் பக்கம் விசும்பல் உடைந்து பெருத்தது.

"இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே" என்பதுவரை வந்துவிட்டது. இனி பாக்கி ஆமென் ஒன்றுதான். இவள் சொன்னால் அவளும் சொல்வாள், சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாள். முடித்துக்கொள் என்பதுபோல் பிரதர் மேஜையில் விரலால் தட்டினார். அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.