குறை கிடைக்காத சரக்கு

சந்தேகப்படுவதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான். திருப்பூரில், வெளிநாட்டுக் கடைகளுக்குச் சரக்கு வாங்கித் தரும் ஒரு பையிங் ஆபீஸில் கடைசிப் பரிசோதனை என் வேலை. வெளிநாட்டுக்காரர் கேட்ட பனியன்களைக் கம்பெனிக்காரர்கள் தைத்து, மடித்து, அட்டைப் பெட்டியில் அடைத்து, டேப் ஒட்டி முடித்த பிறகு நான் போவேன். டேப்பைக் கிழிப்பேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, கோணல் தையல், நிற வேறுபாடு என்று தேடுவேன். குறை அளவோடு இருந்தால் பாஸ் என்று கையெழுத்து, மிஞ்சினால் ஃபெயில். ஃபெயில் என்றால் மொத்தச் சரக்கையும் மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குள் கப்பல் போய்விடும். விமானத்தில் அனுப்பினால் சரக்கோடு சேர்ந்து லாபமும் பறந்துவிடும். ஆகவே என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் கம்பெனி வாசலில் நிற்பவர்கள் முகத்தில் ஒரு மரியாதை வரும். அந்த மரியாதையை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, ஆறு மாதம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தெற்கே ஊரில் சொல்லி பஸ் ஏறியவன். நாற்பதைத் தாண்டியும் அந்த ஆறு மாதம் முடியவில்லை. ஏற்றுமதிக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்திருந்த கோட்டா முறை ஒழிந்து ஆர்டர்கள் வந்து விழுந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஊரே எதையாவது செய்து எங்கேயாவது அனுப்பிக்கொண்டிருந்தது. நான் மட்டும் அவர்கள் செய்ததை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் அவர் சட்டையின் தோள் தையலைப் பார்ப்பேன். எனக்குள் ஒரு ஆசை புகுந்திருந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் எழுதியதை விமரிசித்தவனுக்கு ஒரு வயதுக்கு மேல் வரும் கோளாறுதான் அது: நாமும் ஒன்றை முழுசாகச் செய்து அனுப்பினால் என்ன? ஆசைதான் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

கூப்பிட்டபோது நம்பிக்கை வரவில்லை.

வீரபாண்டிப் பக்கத்தில் ஒரு கம்பெனி. முதலாளி என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தென்னந்தோப்பில் பாதியை வெட்டிவிட்டு ஷெட் போட்டு மெஷின் இறக்கியவர். அவருடைய சரக்கை நான் பலமுறை ஃபெயில் செய்திருக்கிறேன். ஆகவே எங்களுக்குள் நல்ல பழக்கம் உண்டு. அன்று வேறு ஏதோ சின்ன வேலையாகப் போனவனை அறைக்குள் உட்காரவைத்தார். டீ வந்தது. வாயில் வைத்தால் சர்க்கரை இல்லை. எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளியே யாரிடமும் நான் சொன்னதில்லை. நான் படித்த நாவல்களில் காரணம் இல்லாமல் யாரும் யாருக்கும் டீ கொடுப்பதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏனுங்க சார், எத்தனை காலத்துக்குத்தான் அடுத்தவன் தெச்சதையே ஒதறிப் பாத்துட்டு இருப்பீங்க?" என்றார். "நம்மகிட்ட வந்துருங்க. தையல் செக்‌ஷன் பூராவும் உங்க பொறுப்பு. புரொடக்‌ஷன் மேனேஜர்னு போர்டு மாட்டிரலாம்."

"எனக்குத் தைக்கத் தெரியாதே சார்."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? தெச்சுக் குடுக்க வெளிய ஆளுக இருக்காங்க. எது நல்லால்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்குத்தானுங்க ஆளில்லை. அவசரமில்லீங்க, யோசிச்சு அடுத்த வாரம் சொல்லுங்க."

அடுத்த வாரம்! அந்தச் சொல்லில்தான் எனக்குள் இருந்த பரிசோதகன் விழித்துக்கொண்டான். அவருடைய கம்பெனியில் குழந்தைகள் டீ-ஷர்ட் ஒரு பெரிய ஆர்டர் முடிந்து, அதன் கடைசிப் பரிசோதனைக்கு நான் வர வேண்டியதும் அதே அடுத்த வாரம்தான்.

ராயபுரத்து வாடகை வீட்டில் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "இது லஞ்சம்" என்றேன். "பணமா குடுத்தா வாங்க மாட்டேன்னு தெரியும். அதான் வேலையா குடுக்காரு."

"யாருக்கு, ஒங்களுக்கா?" என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "லஞ்சம் குடுக்க அளவுக்கு நீங்க எப்ப பெரிய ஆளா ஆனிய? சொல்லவே இல்லியே."

"அப்போ சர்க்கரை இல்லாத டீ?"

"போன தடவ அங்க குடுத்த டீய பாதியில வச்சிட்டு வந்தேன்னு நீங்கதான சொன்னிய. அவ்வோ பாத்திருப்பாவ."

"சரி, அடுத்த வாரம்னு ஏன் சொன்னாரு?"

"இந்த வாரம் முடிஞ்சா அடுத்த வாரந்தான வரும்? அதுக்கு அவ்வோ என்ன செய்வாவ?" கீரைக் காம்புகளை ஒதுக்கினாள். "சம்பளம் எவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேக்காம எந்திரிச்சு வந்திருக்கிய பாருங்க, எனக்கு அதுலதான் சந்தேகம்."

எனக்கு அந்த வேலை வேண்டும் என்பதுதான் சிக்கல். வேண்டாம் என்றால் எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? வேண்டும். ஆனால் லஞ்சமாக வேண்டாம். நாளைக்கு அந்த போர்டுக்குக் கீழே உட்காரும்போது, இது என்னைப் பார்த்துக் கொடுத்ததா, என் கையெழுத்தைப் பார்த்துக் கொடுத்ததா என்று தினமும் கேட்டுக்கொண்டே இருக்க முடியாது. ஆபீஸில் முன்கூட்டியே சொல்லி வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு வேலைக்குப் போகப் பார்க்கிறான் என்று தெரிந்து, இருக்கிற வேலையும் ஆட்டம் கண்டுவிடும்.

கடைசியில் ஒரு வழி தெரிந்தது. அவர் சரக்கில் குறை இல்லாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. போவேன். குறையைக் கண்டுபிடிப்பேன். ஃபெயில் போடுவேன். அதற்குப் பிறகும் அவர் கூப்பிட்டால் அது நிஜமான வேலை. கூப்பிடாவிட்டால் லஞ்சம். இவ்வளவு எளிமையான பரிசோதனை இருக்கும்போது மனிதர்கள் ஏன் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தவிக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

பரிசோதனை நாளன்று முன்வரிசைப் பெட்டிகளைத் தொடவில்லை. முன்வரிசையில் நல்லதை வைப்பார்கள் என்பது பாலபாடம். சுவரோரம் அடியில் கிடந்த பெட்டிகளை இழுக்கச் சொன்னேன். பிரித்தேன். முதல் டீ-ஷர்ட் நன்றாக இருந்தது. இரண்டாவதும். ஓட்டை இல்லை. கறை இல்லை. அளவு நாடாவை வைத்து அளந்தேன். மார்பு, நீளம், கை எல்லாம் சொன்னபடி. கழுத்தை இழுத்துப் பார்த்தேன். தையல் விடவில்லை. பிசிறுகூட வெட்டியிருந்தது. இன்னும் சில பெட்டிகள். அதே ஒழுக்கம். சரக்கு நன்றாக இருப்பதைப் பார்த்து அதற்கு முன் நான் ஒருபோதும் இப்படிக் கலங்கியதில்லை.

விதிப்படி பார்க்க வேண்டியது முடிந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் பெட்டிகளைக் கேட்டேன். பேக்கிங் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளியே வந்து நின்றார்.

"ஏனுங்க சார், மோதிரத்த எதாச்சும் தொலைச்சுட்டீங்களா? அப்பிடித் தேடறீங்க?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் சார்."

"பாருங்க பாருங்க. நல்லாப் பாருங்க." குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது வேறு எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. கழுத்துப் பட்டைக்கான துணியைத் தனியாகத்தான் சாயம் போடுவார்கள். உடல் துணியின் நிறமும் அதுவும் சற்றே முன்பின் இருக்கலாம். இதில் கழுத்து ஒரு நூல் வெளுத்த மாதிரி இருந்தது. ஜன்னலுக்குக் கொண்டுபோனேன், இருந்தது. டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தேன்; இல்லை. வாசல் வெயிலில் பார்த்தேன். இருக்கிறது என்று நினைத்தால் இருந்தது. நிற வேறுபாடு என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பேனாவைத் திறந்துவிட்டேன்.

நான் மட்டும் அந்த வேலைக்கு ஆசைப்படாமல் இருந்திருந்தால் அந்தக் கழுத்தை இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டேன். லஞ்சம் வாங்கிக்கொண்டு கெட்ட சரக்கை விடுகிறவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. லஞ்சம் வாங்கவில்லை என்று காட்ட நல்ல சரக்கை நிறுத்துகிறவனுக்கு என்ன பெயர் என்று எந்த மொழியிலும் நான் படித்ததில்லை. பாஸ் போட்டேன்.

முதலாளி கையெழுத்தைப் பார்த்தார். "நல்லதுங்க சார்" என்றார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காரியம் முடிந்ததும் பேச்சு நின்றுவிட்டதே என்று வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் சொன்னால், "யோசிச்சு சொல்லுங்கன்னு அவ்வோ ஒங்களத்தான சொன்னாவ? நீங்க அவ்வோ வாயப் பாத்துக்கிட்டு நின்னிருக்கிய, அவ்வோ ஒங்க வாயப் பாத்திருப்பாவ" என்றாள் மனைவி. இப்போது போய், வருகிறேன் என்று சொன்னால் பாக்கி வசூலிக்கப் போனது மாதிரி இருக்காதா? குறை இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். குறையில்லாத சரக்கு என்னைக் கெடுத்துவிட்டது.

மறுநாள் காலை ஆபீஸ் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சென்னைக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இத நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாமே சார்?"

"சொல்லலன்னா பின்னாடி சந்தேகம் வரும்."

"இப்போ மட்டும் என்ன வந்திருக்கு?"

தூத்துக்குடி புறப்பட நின்ற லாரியை நிறுத்தச் சொல்லி, வேறு ஒருவரை மறுபரிசோதனைக்கு அனுப்பினார். மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. மேனேஜர் கேட்டுவிட்டு செல்போனைக் கீழே வைத்தார்.

"ஒரு தப்பும் இல்லையாம் சார். அதான் இடிக்குது. இவங்க சரக்கு என்னைக்கு இவ்ளோ சுத்தமா இருந்திருக்கு?"

லாரியைப் போகச் சொன்னவர், விஷயம் தெளிகிற வரை பரிசோதனைக்குப் போக வேண்டாம் என்று என்னை சாம்பிள் ரூமில் உட்காரவைத்தார். ஹேங்கரில் தொங்கும் மாதிரிச் சட்டைகளுக்கு நடுவே நானும் ஒரு மாதிரியாக இருந்தேன். புது வேலை போயாயிற்று, பழைய வேலையும் போய்க்கொண்டிருக்கிறது என்று கணக்கிட்டபோது முதலாளியிடமிருந்து அழைப்பு வந்தது.

கொங்கு நாட்டில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அன்று அவர் அறையில் 'ங்க' இல்லாமல் ஒரு வார்த்தை விழவில்லை.

"வாங்க, உக்காருங்க. லாரிய நிறுத்துனது நீங்கதானுங்களாமா? நீங்களே பாஸ் பண்ணுன சரக்க நீங்களே நம்பறதில்லீங்களா?"

"சரக்க நம்பினேன் சார். நீங்க குடுத்த வேலையத்தான் நம்பல."

"வேலைய நம்பலீங்களா? அப்படீன்னா?"

முழுவதையும் சொன்னேன். குறை கண்டுபிடித்து ஃபெயில் போட்டு அவரைச் சோதிக்க நினைத்ததையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஃபெயில் போட்ட பொறகும் கூப்புட்டா வரலாம்னு இருந்தீங்களாக்கும்?"

"ஆமா."

"அந்தச் சரக்கு ஏர்ல போயிருந்தா, உங்களக் கூப்புட எனக்கு கம்பெனி இருந்திருக்கோணுமல்லோ?"

இந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை.

"இந்த வாட்டி சரக்கு ஏன் சுத்தமா இருந்துச்சு, தெரியுங்களா?" என்றார். "இந்தாளு நம்மகிட்ட வரப்போறாரு, வர்றதுக்கு முந்தி இன்னொருக்கா ஃபெயில் போட்டுட்டு வந்தா நம்மள மதிக்க மாட்டாருன்னு, செக்கிங் டேபிள்ல நானே நாலு நாளு உக்காந்து பாத்தனுங்க. கண்ணு எரிச்சல் இன்னும் போகலை."

அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கண் சிவந்திருந்தது. ஆனால் திருப்பூரில் பஞ்சுத் தூசியில் யாருக்குத்தான் கண் சிவக்கவில்லை?

"இப்ப நான்தானுங்க யோசிக்கோணும்" என்றார். உண்மையாகவே யோசித்தார். எழுந்து ஷெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சம்பளங்கூடக் கேக்காம எந்திரிச்சுப் போனீங்களே, அன்னைக்கே எனக்கொரு சந்தேகமுங்க. வேற கம்பெனிக்காரன் எவனாச்சும் வேவு பாக்க அனுப்பிச்சிருப்பானோன்னு."

"சம்பளம் எவ்வளவு சார்?"

சொன்னார். நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. லஞ்சமாக இருந்திருந்தால் நிச்சயம் அதிகமாகச் சொல்லியிருப்பார். முதல் முறையாக மனது லேசானது. வருகிறேன் என்றேன்.

பழைய ஆபீஸில் கணக்கு முடித்துக்கொண்டு அடுத்த மாதம் சேர்ந்தேன். முதல் நாள் காலை, கோடு போட்ட துணியில் தைத்துக்கொண்டிருந்த வரிசைக்குப் பக்கமாக நடந்தபோது, தைத்து விழுந்திருந்த பனியன்களில் ஒன்றை எடுத்துத் திருப்பினேன். பக்கவாட்டுத் தையலில் முன்பக்கத்துக் கோடும் பின்பக்கத்துக் கோடும் சேரவில்லை. அடுத்ததிலும் சேரவில்லை. "கோடு சேரல" என்று அறிவித்தேன். இருபது வருஷ அனுபவம் அதில் இருந்தது.

தைத்துக்கொண்டிருந்தவர் மதுரைப் பக்கத்துக்காரர். மெஷினை நிறுத்தினார். பக்கத்து மெஷினும் நின்றது. பிறகு வரிசை முழுக்க நின்றது. அந்தச் சத்தம் நின்றதும் எனக்கு என் மூச்சு கேட்டது.

"ஆமா சார், சேரல. பிரிச்சுத் தச்சா அளவு சின்னதாப் போகும். விட்டா கோடு போகும். என்ன செய்யட்டும்?"

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் ஃபெயில் என்று எழுதி மோட்டார் சைக்கிளை எடுப்பேன். வாசலில் என் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. முதலாளி தன் அறைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறாரா, பார்க்காத மாதிரி இருக்கிறாரா என்று தெரியவில்லை. வரிசையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"தச்சத ஓரமா வைங்க" என்றேன். "இனிமே தைக்கிறத கோட்டுக்குக் கோடு குண்டூசி குத்தி வச்சுத் தைங்க."

"அப்படின்னா மெதுவாத்தான் போகும் சார்."

"போகட்டும்."

மெஷின்கள் மறுபடி ஓடின. நான் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியாது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்த வரிசையின் கடைசியில் முதல் பனியன் வந்து விழுகிற இடத்தில் உட்கார்ந்தேன்.