அறுபத்திரண்டு என்று எழுதினேன்

1. படகிலிருந்து நீண்ட கை

தனுஷ்கோடிக் கரை ஒரு கோடாகத் தெரிய ஆரம்பித்த பிறகு என்னைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள். ஒன்பது மணி நேரம் நீந்தியிருந்தேன். இன்னும் நான்கு கிலோமீட்டர். நெடுந்தூர நீச்சலில் கூட வரும் படகில் இருப்பவர் நம்மைத் தொட்டால் நீச்சல் அத்துடன் முடிந்தது. கோச் சார் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு சார் தொட்டீங்க?"

"அம்பத்திரண்டுக்கு வந்துட்டம்மா. இப்ப நீ சொல்றத நான் கேக்கக் கூடாது."

அவர் சொன்னது ஸ்ட்ரோக் கவுன்ட். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கை வீசுகிறோம் என்ற கணக்கு. சோர்வு முகத்தில் தெரியும் முன் அதில் தெரியும். வழக்கமான எண்ணிக்கையிலிருந்து பத்து குறைந்தால், நாம் என்ன கெஞ்சினாலும் தூக்கிவிட வேண்டும் என்பது சாரின் விதி. அரை மணிக்கு ஒரு முறை எண்ணிக் குறித்தவர் என் கணவர். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறார்.

2. ஃபாரத்தில் ஒரு கட்டம்

கல்யாணத்துக்கு முன் மாநில அளவில் மூன்று முறை தங்கம் வாங்கியவள் நான். அப்போது என் எண்ணிக்கை அறுபத்திரண்டு. குழந்தை பிறந்த பிறகு ஓசூர் நீச்சல் குளத்தில் எவ்வளவு முயன்றும் ஐம்பத்தாறுக்கு மேல் வரவில்லை. மகளுக்குப் பத்து மாதம். பால் கட்டி மார்பு கனக்கும்போது கை முழுதாக நீளாது. இதை யாரிடம் சொல்வது? சார் ஏற்கெனவே, "பாப்பாவுக்குப் பல்லே சரியா மொளைக்கல, அதுக்குள்ள இன்னாத்துக்கும்மா கடலு?" என்று கேட்டிருந்தார். உண்மையை எழுதினால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார் என்று பயந்தேன்.

கடலில் இறங்கும் முன் சாரிடம் கொடுக்க வேண்டிய ஃபாரத்தில், வழக்கமான ஸ்ட்ரோக் கவுன்ட் கேட்கும் கட்டத்தில் அறுபத்திரண்டு என்று எழுதினேன். கணவர் எட்டிப் பார்த்தார்.

"நேத்து எண்ணுனப்ப அம்பத்தாறுதானே சுமதி?"

"அது குளத்துலங்க. கடல்ல ஏறிடும்."

"எங்க கம்பெனில பழைய ரீடிங்கப் போட்டா லைனையே நிறுத்திடுவாங்க, தெரியுமா?"

"இது கம்பெனி இல்லீங்க."

அவர் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அன்றே அழித்திருக்கலாம். இரண்டு முறை ரப்பரைக் கையில் எடுத்தேன்.

கடலில் எதுவும் ஏறவில்லை. ஐம்பத்தாறில் தொடங்கி மெல்ல இறங்கியது. சாருக்கோ முதல் மணி நேரத்திலேயே ஆறு குறைந்த கணக்கு. ஒவ்வொரு முறை கஞ்சி பாட்டிலைக் கயிற்றில் கட்டி வீசும்போதும் என் கண்ணையே பார்த்தார். உண்மையை எழுதியிருந்தால் நாற்பத்தாறு வரை என்னை விட்டிருப்பார்.

3. அந்தத் தாள்

படகில் துண்டைப் போர்த்திக்கொண்டு உண்மையைச் சொன்னேன். சார் கணவரிடமிருந்து தாளை வாங்கி மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார்.

"அம்பத்தாறுன்னு வெச்சுப் பாத்தா அருமையா நீஞ்சியிருக்க. இத எங்கிட்ட காலைல சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு உக்காந்து மீன் பாத்துட்டு வந்திருப்பேன்."

"சொல்லியிருந்தா எறக்கியே விட்டிருக்க மாட்டீங்க சார்."

அவர் தாளை மடித்துக் கணவரிடம் கொடுத்தார். "அதுவும் நெசந்தான்" என்றார். கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தெரிந்தும் வாய் திறக்காமல் எண்ணிக்கொண்டிருந்தது அவருக்கு என்னைவிட அதிகமாக வலித்தது என்று பிறகு புரிந்தது. வீட்டுக்கு வந்தபோது மகள் என் முகத்தைத் தட்டி விளையாடினாள். ஒரு பொய்க்காக அவளை மூன்று நாள் விட்டுப் போனேனா என்று பல நாள் யோசித்தேன்.

அடுத்த வருடம் மறுபடி கேட்டேன். இந்த முறை சாரே குளத்தில் நின்று மூன்று நாள் எண்ணினார். ஐம்பத்தைந்து. ஃபாரத்தில் அதை அவர் கையாலேயே எழுதினார்.

கடலில் பத்தாவது மணியில் நீரோட்டம் எதிர்த்தது. கை கல்லாகிவிட்டது. கணவர் எண்ணிவிட்டு உரக்கச் சொன்னார்: "நாப்பத்தேழு."

சார் படகின் ஓரத்துக்கு வந்தார். அந்தக் கை மறுபடி நீளப் போகிறது என்று நினைத்தேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நாப்பத்தஞ்சுக்கு இன்னும் ரெண்டு இருக்கும்மா. போ."

போனேன். கால் மணலைத் தொடும்வரை என்னை யாரும் தொடவில்லை. நீந்த வருகிற பெண்களுக்கு, முக்கியமாகப் பிள்ளை பெற்ற பிறகு திரும்பி வருகிறவர்களுக்கு, நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்கள் இன்றைய எண்ணைச் சொல்லுங்கள். அது சின்னதாக இருக்கும், சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் படகில் இருப்பவர் அதை வைத்துத்தான் உங்களை நீந்த விடுவார்.