முன்னறையிலிருந்து ஒரு கேள்வி

அவளுக்கு வெதர் டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். வானிலைக்கும் அவளுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. தையல் கடை மாடியில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். ஒருவர் கேட்ட கேள்வியை இன்னொருவரிடம் எப்படிச் சொல்வது என்ற பாடம் வந்தால், whether என்ற சொல் எல்லார் மண்டையிலும் ஏறும்வரை விடமாட்டாள். நர்ஸ் எழுந்து, "Are you angry?" என்று கேட்பாள். லாரி டிரைவர் அதை வாங்கி, கடைசி பெஞ்சில் இருக்கும் துணிக்கடைக்காரரிடம், "She asked whether you were angry" என்று சேர்க்க வேண்டும்.

"கேள்விக்குறியக் கழட்டி வெச்சிடுங்க. நீங்க கேக்கல, அவங்க கேட்டதச் சொல்றீங்க. அவ்ளோதான்" என்பாள்.

அந்தப் பாடத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இருக்காதா பின்னே? வீட்டிலும் பல வருடமாக அதுதானே பிழைப்பு! முன்னறையில் மாமனார், பின்னறையில் கணவன், நடுவில் ஒரு நடை. அப்பனுக்கும் பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவன் வெளியூரில் படித்தபோது அவன் அம்மாவுக்கு முடியாமல் போனது. பரீட்சை கெட்டுவிடும் என்று அப்பா தகவல் சொல்லவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது அம்மா இல்லை. அன்றைக்கு மூடிய வாய்தான். மருமகளாக வந்தவள் தலையில் இந்தத் தூது வேலை விழுந்தது.

"துரை எழுந்தாச்சாமா?" என்று முன்னறையிலிருந்து நக்கலாகக் கிளம்பும். நடையிலேயே அதைப் பூசி மெழுகி, "எழுந்தாச்சான்னு மாமா கேக்குறார்" என்று பின்னறையில் இறக்குவாள். "எழுந்தா அவருக்கென்னவாம்?" என்று அங்கிருந்து புறப்படுவது, முன்னறைக்கு வரும்போது "எழுந்துட்டார் மாமா" என்று ஆகியிருக்கும். வீடு ரணகளம் ஆகாமல் இருப்பது தன்னால்தான் என்று அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை. அதில் தப்பும் இல்லை.

அந்த மதியம் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டும்போது மாமனார் கட்டிலில் படுத்தபடியே கூப்பிட்டார்.

"ஏம்மா, அவனுக்கு இன்னும் என்மேல கோவமாம்மா?"

பூசி மெழுக அதில் ஒன்றுமே இல்லை. துரையும் இல்லை, மகாராஜாவும் இல்லை. அப்படி ஒரு கேள்வி அந்த வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. கணவன் அன்றைக்கு லீவு, பின்னறையில்தான் இருந்தான். ஆனால் இது வாசலில் நின்று வீசிவிட்டுப் போகிற பேச்சா? சாயங்காலம் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

"வந்து கேட்டுச் சொல்றேன் மாமா" என்று படியிறங்கினாள்.

அவள் திரும்பி வரும்போது வாசலில் ஆட்கள் நின்றார்கள். பேப்பர் இரவல் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தாராம். மாமனார் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்த நடையில் அவளால் நிம்மதியாக நடக்க முடியவில்லை. துவைத்த துணியோடு போனால், "ஏம்மா" என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும். திரும்பினால் மெத்தை எடுத்த வெறும் கட்டில். வகுப்பில் அந்தப் பாடத்தைத் தாண்டி அடுத்ததை எடுத்தாள். "டீச்சர், ஒண்ண விட்டுட்டீங்களே" என்று டிரைவர் சொன்னபோது, சாக்பீஸ் கையில் உடைந்தது. பயமாகத்தான் இருந்தது. செத்தவரைப் பார்த்து இல்லை, அவர் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்து.

போதாக்குறைக்குக் கணவன் வேறு. வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். சாயங்காலமானால் பின்னறையிலிருந்து ஒரே கேள்வி.

"அப்பா கடைசியா என்ன கேட்டார்?"

உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் தாங்குவானா, தன் முகத்தில்தான் இனி விழிப்பானா என்று அவள் தினமும் ஒரே பதிலைச் சொன்னாள். "நீங்க சாப்பிட்டாச்சான்னு கேட்டார்."

ஒரு நாள் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பொய். அவர் என்னைக்கு அப்படிக் கேட்டிருக்கார்? துரை கொட்டிக்கிட்டாச்சான்னுதானே கேப்பார்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இது என்ன கோட்டைச் சுவரா? எல்லாம் இங்க கேக்கும். அன்னைக்கு அவர் கேட்டதும் காதுல விழுந்துச்சு."

அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடம் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தாள்?

"காதுல விழுந்துச்சுன்னா எழுந்து போக வேண்டியதுதானே!" என்று கத்தினாள். கட்டியவனிடம் அப்படி அவள் கத்தியதே இல்லை.

"நீ வந்து சொல்லுவேன்னு உக்காந்திருந்தேன். சொன்னா உடனே போயிடலாம்னு இருந்தேன். உன் செருப்புச் சத்தம் கேட்டுச்சு. சரி, வந்து சொல்லுவேன்னு இருந்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு தினமும் என்னைக் கேட்டீங்க?"

"நீ சொன்னாத்தானே நான் பதில் சொல்ல முடியும்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள்.

"உங்களுக்கு இன்னும் அவர்மேல கோவமான்னு மாமா கேக்குறார்."



"இல்லன்னு சொல்லு."

அவள் பழக்கதோஷத்தில் நடையில் திரும்பி முன்னறைக்குப் போனாள். கட்டிலுக்கு முன்னால் போய் நின்றும் வாய் திறக்க வரவில்லை. பின்னாலேயே காலடிச் சத்தம் கேட்டது.

"நீ இரு, நானே சொல்றேன்" என்று அவளை விலக்கிக்கொண்டு அவன் உள்ளே வந்தான். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்றான்.