சாந்தாமேரி டீச்சர் பிடுங்கிய நாவல்

ஜவ்வாது மலையடிவாரத்தில், ஒடுகத்தூருக்குப் பக்கத்திலிருந்த மிஷன் பள்ளியில் 1941-இல் தமிழ் நடத்தியவர் சாந்தாமேரி. வயது இருபத்தாறு. செய்யுள் என்றால் உயிர். துணி துவைக்கும்போதுகூட வாய் ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுக்கும். தமக்கு இவ்வளவு இனிப்பது பிள்ளைகளுக்கு ஏன் கசக்கிறது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

எட்டாம் வகுப்புக்கு அந்த வருஷம் நாடிழந்த ஓர் அரசனின் கதை செய்யுள் பாடம். ஒருநாள் அதை நடத்தும்போது, மதலேனாள் என்ற மாணவியின் பாடப் புத்தகத்துக்குள் இன்னொரு புத்தகம் ஒளிந்திருப்பதைக் கண்டார். அட்டை கிழிந்த துப்பறியும் நாவல். பிடுங்கிக்கொண்டார்.

அப்படி என்னதான் இருக்கிறதென்று மத்தியானம் பிரித்தவருக்கு மணி அடித்தது காதில் விழவில்லை. ஒரு பங்களாவில் கொலை. ஐந்து பேர் மேல் சந்தேகம். நடை மட்டம்தான், பக்கத்துக்குப் பக்கம் அச்சுப் பிழை. ஆனாலும் மறுநாளும் படித்தார். முடிவை நெருங்கியபோது கடைசிப் பக்கங்களைக் காணோம்.

வெட்கத்தை விட்டு மதலேனாளைக் கூப்பிட்டார்.

"கொல பண்ணது யாரும்மா?"

அடி விழும் என்று வந்த பெண் திகைத்துப் போனாள். "தெரியாதுங்க டீச்சர். வாங்கும்போதே கடசிப் பக்கம் இல்ல. நான் சமையக்காரன்னு சொல்றேன், எம்பக்கத்துல குந்துற குப்பம்மா, செத்தவரோட தம்பின்னு சொல்றா. நாலு மாசமா சண்ட போட்டுக்கினு இருக்கோம்."

"பாட்டுக்கு ஒருநாளாவது இப்டி சண்ட போட்டீங்களா?"

"அதுல இன்னா இருக்குதுங்க? ராசா நல்லவர்னு நீங்களே மொதல்ல சொல்லிட்றீங்க. அர்த்தமும் எழுதிப் போட்டுட்றீங்க. நாங்க சொல்ல ஒண்ணும் இல்லியே."

சாந்தாமேரிக்குக் கோபம்தான் வந்தது. சின்ன வயதில் பாதி புரிந்தும் பாதி ஊகித்தும் படித்ததால்தான் அந்தப் பாட்டுகள் தம்மோடு ஒட்டிக்கொண்டன என்பது இரண்டு நாள் கழித்தே நினைவுக்கு வந்தது.

அடுத்த வகுப்பில் அவர் பொருள் சொல்லவில்லை. அரசன் பிள்ளைகளை அமைச்சரிடம் விட்டுக் காட்டுக்குக் கிளம்பும் இடம்வரை பாடி நிறுத்தினார்.

"இவர் செஞ்சது சரியா?"

 குப்பம்மா எழுந்தாள். "சரியில்லீங்க. புள்ளைங்கள வுட்டுட்டுப் போறவரு இன்னா நல்லவரு?"

"இட்டுக்கினு போனா பசியில செத்துப் பூடுமே!" என்றான் பின்வரிசைக் கோபால்.

பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்க்க மதலேனாள் அவசர அவசரமாக அடுத்த பாட்டைப் புரட்டினாள். நாலு பேர் மல்லுக்கு நின்றார்கள். மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாலு பேரே சாந்தாமேரிக்குப் பெரிதாக இருந்தது.

ஹெட்மாஸ்டர் லாசருக்குப் பிடிக்கவில்லை. "இன்னாம்மா இது? பசங்க ராஜாவையே குத்தம் சொல்லுதுங்க. பரீட்சையில அர்த்தம்தான் கேப்பாங்க." கடைசியில், நாலு நாள் அர்த்தம், வெள்ளிக்கிழமை மட்டும் வாதம் என்று உடன்பாடாயிற்று. 1948-இல் கண்ணமங்கலத்துக்கு மாற்றலாகிப் போகும்வரை சாந்தாமேரி அந்த வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வாதம் தொடங்கிய வருஷம் மதலேனாள் தமிழில் தேறவில்லை, மறுவருஷம்தான் தேறினாள். அரசனின் பெருமையை எழுதச் சொன்ன கேள்விக்கு, அவன் செய்த தவறுகளை இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாளாம். அவள் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டுச் சாந்தாமேரிக்கும் கண் கலங்கியது. ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமும் பொங்கியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.